கச்சான் போத்தலில் ‘இயற்கை’ என்று எழுதினால் போதுமா?

நல்லூரிலோ வற்றாப்பளையிலோ திருவிழா முடிந்து வரும்போது கையில் ஒரு கச்சான் பையாவது இருக்கும். கோது உடைத்துத் தின்னும்போது ஒரு பருப்புக் கைத்தால் உடனே துப்பிவிடுவோம். அந்தச் சின்னப் பழக்கத்துக்குள் பெரிய மருத்துவ உண்மை ஒன்று இருக்கிறது. கச்சானை அரைத்துப் போத்தலில் அடைத்த பின்னர் அந்தத் துப்பும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை.

இன்று பல வீடுகளில் பாணுக்குப் பூசுவது பீனட் பட்டர். பெரிய நிறுவனங்களின் தயாரிப்பும் கடையில் இருக்கிறது. சுயதொழிலாக அரைத்து, ‘இயற்கையானது, எதுவும் கலக்காதது’ என்று ஒட்டி விற்கப்படுவதும் இருக்கிறது. பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

முதலில் கலப்பைப் பார்ப்போம். நிறுவனத் தயாரிப்புகள் பலவற்றில் சீனி, உப்பு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்காமல் இருக்க ஐதரசனேற்றிய எண்ணெய் அல்லது பாம் எண்ணெய் சேர்க்கப்படுகின்றன. அமெரிக்கச் சட்டப்படி 90 சதவீதமாவது கச்சானாக இருந்தால்தான் அதற்குப் பீனட் பட்டர் என்று பெயர் வைக்கலாம். அங்கு விற்கப்படும் வழக்கமான வகையில் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சுமார் 3 கிராம் சீனி இருக்கும். கலப்பில்லாததில் சுமார் 1 கிராம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு, சேர்க்கப்படும் சீனி 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே கலப்பில்லாதது மேல்தான், ஆனால் இந்த வித்தியாசம் ஒரு தேநீரில் போடும் சீனியை விடக் குறைவு. கொழுப்பும் சக்தியும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே.

உண்மையான ஆபத்து லேபலில் எழுதப்படாதது. அதன் பெயர் அஃப்லடொக்சின். அஸ்பர்ஜிலஸ் எனும் பூஞ்சண வகை கச்சானிலும் சோளத்திலும் உருவாக்கும் நச்சு இது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வரையான வான்கோழிகள் மாண்டபோது, அவற்றுக்குக் கொடுத்த கச்சான் புண்ணாக்கை ஆராய்ந்தே இது கண்டறியப்பட்டது. மனிதரில் ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இது இருக்கிறது. வறுத்தால் ஓரளவு குறையும், முற்றாக அழியாது. இந்த நச்சுக்கென்று தனிச் சுவையோ மணமோ இல்லை. கைக்கும் பருப்பு, பூஞ்சணம் பிடித்திருக்கலாம் என்பதற்கான ஓர் அறிகுறி மட்டுமே.

இந்த நச்சு, வீட்டில் செய்தது, ஆலையில் செய்தது என்று பார்ப்பதில்லை. 2004 இல் கென்யாவில் வீடுகளில் ஈரத்தோடு சேமித்த சொந்தச் சோளத்தை உண்டு 125 பேர் இறந்தார்கள். அதே நாட்டில் 2019 இல் பல நிறுவனங்களின் பீனட் பட்டர் இதே நச்சுக்காகத் தடைசெய்யப்பட்டது. நிறுவனத் தயாரிப்பில் வேறு ஆபத்துகளும் நேர்ந்திருக்கின்றன. 2008, 2009 இல் அமெரிக்காவில் ஒரு கச்சான் நிறுவனத்தின் சல்மொனெல்லா கிருமி கலந்த பொருட்களால் 700 இற்கும் அதிகமானோர் நோயுற்றனர். ஒன்பது பேர் இறந்தனர். அதன் தலைவருக்கு 28 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ‘இயற்கையா, கம்பனியா’ என்பதல்ல. அரைக்கும் முன் பருப்பை யார் பார்த்தார்கள் என்பதே.

இது வன்னிக்கு நேரடியாகப் பொருந்தும். பெரும்போகக் கச்சான் பிடுங்கும் நேரத்தில் ஒரு மழை பெய்தாலே காய் நனைந்துவிடும். வெறும் நிலத்தில் பரப்பாமல் படங்கு விரித்துக் காயவைத்து, பருப்பின் ஈரப்பதன் எட்டு சதவீதத்துக்கும் கீழே வந்த பின்னரே மூட்டை கட்டவேண்டும். சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறியவேண்டும். நச்சின் பெரும்பகுதி அந்தச் சில பருப்புகளிலேயே தங்கியிருக்கிறது. பொறுக்கி எடுத்த கழிவை மலிவாக விற்பதும், கோழிக்குப் போடுவதும் ஆபத்தை இடம் மாற்றுவது மட்டுமே.

ஆனால் பொறுக்கி எறிவது நட்டம். போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே சுமக்கும் ஒரு பெண்ணிடம், கடன்பட்டு வாங்கிய மூட்டையில் ஒரு பங்கை வீசு என்று சொல்வது எளிதல்ல. வாழ்வாதார உதவி என்று அரவை இயந்திரத்தைக் கையளித்துப் படம் எடுப்பவர்கள், ஈரப்பதமானியையும் கூட்டாகப் பரிசோதனை செய்யும் செலவையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். ஒரு போத்தலில் நச்சு பிடிபட்டால் பாதிக்கப்படுவது அவர் ஒருவர் மட்டுமல்ல. ‘வன்னிக் கச்சான்’ என்ற பெயரே கெடும்.

வாங்குபவர்களுக்கும் வேலை இருக்கிறது. உற்பத்தித் திகதி இல்லாத போத்தலை வாங்கவேண்டாம். எண்ணெய் சிக்கடித்தால் எறியுங்கள். கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு எந்த வகையும் கூடாது. தெரிந்தவர் அரைத்து விற்றால், “பருப்புப் பொறுக்கினீங்களா அக்கா?” என்று கேளுங்கள். ஆம் என்பவருக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும். அவர் எறிந்த பருப்பின் விலை அது.