வீங்காத கொண்டென்சர்

பாடப்புத்தகத்தில் கொள்ளளவி, நம் மேசையில் கொண்டென்சர். மூடி வீங்கியிருந்தால் மாற்றுகிறோம், இல்லாவிட்டால் வேறு பாகத்தைச் சந்தேகிக்கிறோம். 2000களின் தொடக்கத்தில் கணினி போர்டுகளில் பழுதான மின்பகுபொருளால் கொண்டென்சர்கள் வரிசையாக வெடித்த காலம் நமக்குப் பழக்கிவிட்ட கண் இது.

பெரும்பாலானவை வீங்காமல், உள்ளே மெல்ல வற்றித்தான் சாகின்றன. கொள்ளளவு கொஞ்சம் குறையும், உள்தடையோ பல மடங்கு ஏறும். அந்தத் தடையில் சூடு பிறக்கும். சூடு இன்னும் வற்றவைக்கும். மைக்ரோபரட் மட்டும் காட்டும் மீற்றர் இதை "நல்லது" என்றே சொல்லும். அந்த உள்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீற்றர் இல்லாத மேசை பாதிக் குருடு.

உறையில் 105 பாகை, 2000 மணி என்றிருந்தால், அந்தச் சூட்டில் மூன்று மாதம்கூட உத்தரவாதமில்லை. 10 பாகை குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும் என்பது கைக்கணக்கு. பெட்டிக்குள் 65 பாகையென்றால் 32,000 மணி, மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். அதே இடத்தில் 85 பாகை, 2000 மணி வகையைப் போட்டால் 8,000 மணி, ஓராண்டு தாண்டாது. கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்றில்லை. கொட்டாஞ்சேனைக் கடைகளில் செற்-டொப் பெட்டி சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஏசியின் வெளி யூனிட் உப்புக்காற்றில் நிற்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கும்போது மைக்ரோபரட், வோல்ட்டோடு பாகையையும் கேட்பவர் எத்தனை பேர்?

வோல்ட்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். 230 வோல்ட்டைச் சீராக்கினால் உச்சம் 325. 250க்கு ஏறினால் 354. 400 வோல்ட் வகைக்கு மிச்சம் சொற்பம், 450 போடுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டபோது, கரண்ட் திரும்பி வந்த மறுநாள் காலைகளில் என் மேசை நிறைந்தது நினைவிருக்கிறது. மின்வழியின் குறுக்கே எக்ஸ்2 முத்திரை உள்ளதை மட்டுமே வையுங்கள். அங்கே சாதாரண ஃபிலிம் வகை குறுக்குச்சுற்றானால் தீதான்.

கொண்டென்சரின் மின்னேற்றத்தைத் திருப்புளியால் குறுக்கே தட்டி இறக்கும் வழக்கத்தையும் விடவேண்டும். 325 வோல்ட்டில் 100 மைக்ரோபரட் 5 ஜூலுக்கு மேல் வைத்திருக்கும். தீப்பொறி தடத்தைத் தின்றுவிடும். காப்பிட்ட கம்பியோடு 2.2 கிலோஓம், 5 வாட் தடையை ஓரிரு விநாடி பிடித்து, பிறகு மீற்றரால் பாருங்கள். சற்று நேரம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள்; இறக்கிய பின்னும் கொஞ்சம் ஊறி வரும். மைக்ரோவேவ் வேறு கதை. அங்கே ஆயிரக்கணக்கில் வோல்ட். உரிய கருவி கையில் இல்லாதவர் மூடியைத் திறக்க வேண்டாம்.