கோடையும் நம் சென்னையும்

பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "அப்பா, எங்கே போகிறோம்?" என்பதே. உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்ல இயலாத ஆண்டுகளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே கூசுகிறோம். கூச வேண்டியதில்லை. சென்னையில் வாழும் நமக்குத் தேவையானது, எந்த வேளையில் எங்கே செல்வது என்ற அறிவுதான்.

காலை இளவெயிலில் கிண்டிக்குச் செல்வோம். 1978-ல் தேசியப் பூங்காவான அக்காட்டில், நகரின் நடுவிலேயே புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. நண்பகலுக்கு ஏற்ற இடம், 1851-ல் தொடங்கப்பெற்ற எழும்பூர் அருங்காட்சியகம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் காண ஒரு பகல் போதாது. வெள்ளிக்கிழமை அங்கு விடுமுறை என்பதை மறந்து, ஒருமுறை பூட்டிய வாயிலின்முன் பிள்ளைகளோடு நின்றோம், பிழை நம்முடையதே!

மாலையில் மெரினா. பகலெல்லாம் காய்ந்த நிலத்தின் வெப்பக்காற்று மேலெழ, கடலின் குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்ப வருகிறது. மேல்காற்று வலுத்த நாட்களில் அது தாமதிக்கும், பொறுத்திருக்கலாம். ஆனால் ஒன்று: அங்கே கடலில் இறங்கிக் குளிக்க எவரையும் விடலாகாது. திரும்பும் அலை, நன்கு நீந்தத் தெரிந்த இளைஞரையும் இழுத்துச் சென்றிருக்கிறது. கணுக்கால் நனைந்தால் போதும். பிள்ளையின் கை நம் கையில் இருக்கட்டும்.

நாடகப் பிரியர்களுக்கு, சபாக்கள் நடத்தும் கோடை நாடக விழாவும் உண்டு.

அன்று வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம். கட்டுச்சோற்றுப் பையைத் தந்தை சுமக்கட்டும். தாய் மணலில் கால் நீட்டி அமரட்டும்.