இடித்த வீட்டின் கல்

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி, 1990-இற் போரினால் மூடப்பட்டது. அது தின்ற சுண்ணக்கல்லுக்குச் சாட்சியாகப் பெருங்குழிகள் எஞ்சியுள்ளன. குடாநாட்டின் நன்னீரைத் தாங்கி நிற்பதும் அதே சுண்ணக்கற் பாறைதான். இன்று நாம் கட்டும் வீடுகளுக்குச் சீமெந்து வெளியிலிருந்து வருகிறது; குழி வேறோர் ஊரில் விழுகிறது, அவ்வளவே.

இந்நிலையில், கையிலிருக்கும் கல்லை நாம் என்ன செய்கிறோம்? போருக்குப் பின் மீண்ட காணிகளில் நின்ற கூரையற்ற சுவர்கள் எத்தனை, இயந்திரத்தால் நொறுக்கப்பட்டுப் பள்ளம் நிரப்பச் சென்றன! சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய பழைய சுவரை உளிகொண்டு பிரித்தால் கல் கல்லாகவே கைக்கு வரும். சீமெந்துச் சாந்து அப்படியன்று. அது கல்லை விடாது பற்றும், பிரிக்க முயன்றாற் கல்லே உடையும். வைரம் பாய்ந்த பனங்கைமரமோ இன்னொரு தலைமுறைக்கும் கூரை தாங்கும். இவற்றை அறிந்த முதிய மேசன்மார் அருகி வருகின்றனர்.

குற்றம் மேசன்மாருடையதன்று. நாம் பார்த்த ஒப்பந்தப் பத்திரங்களில் இடிபாட்டை அகற்றுவதற்குத் தொகை உண்டு. பிரித்து அடுக்குவதற்கு இல்லை. கூலி இல்லாத வேலையை எவர் செய்வார்?

2016-ஆம் ஆண்டளவில் வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் முன்வைக்கப்பட்டபோது, எம்மவர் கையால் எம் மண்ணுக்கேற்ற கல்வீடே வேண்டுமென்று பலர் வாதாடினர். நியாயமான வாதம். ஆனால், அந்தக் கையைப் பயிற்றும் பொறுப்பும் அவ்வாதத்தோடு நம் தலையில் ஏறியதல்லவா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், 2016-இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அயலிலேயே இருக்கின்றன. பொறியியல் மாணவரும் தொழில் பயிலும் இளைஞரும் ஒரே முற்றத்திற் கூடி ஒரு பழைய வீட்டைப் பிரித்துப் பார்க்கட்டும். உடைத்த கொங்கிறீற்றின் வலிமையைச் சோதித்து, வீதிக்கு அடிப்படையாகுமா, தூணுக்கும் ஆகுமா எனக் கணிக்கட்டும். பழையதெல்லாம் பயன்படும் என்று மயங்கவும் வேண்டாம்: அஸ்பெஸ்ரஸ் தகட்டை உடைத்தால் அதன் நுண்ணிழை நுரையீரலைக் கெடுக்கும், அதைத் தொடாதிருக்கப் பயில்வதும் பயிற்சியே. அப்பயிற்சி பெற்றவருக்குச் சான்றிதழும் அதற்கேற்ற கூலியும் வேண்டும்.

பிரதேச சபைகள் தம் அடுத்த கட்டட மதிப்பீட்டிலேயே, பிரித்தெடுத்தலுக்கென ஒரு தனித் தொகையைக் குறிக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மதிப்பீட்டுப் பத்திரத்தில் ஒரு வரி போதும்.