கணக்கு மறந்தால் குடித்தனம் கெட்டு விடுமா?

மாதத்தின் 20-ந் தேதி. மளிகைக் கடையில் இருந்து ஒரு பெண் பையுடன் வீடு திரும்புகிறாள்.

"துவரம் பருப்பு என்ன விலை?" என்று கணவன் கேட்கிறான்.

அவள் விழிக்கிறாள். பத்து நிமிடத்துக்கு முன்புதான் பணம் கொடுத்தாள். ஆனால் எண் நினைவில் நிற்கவில்லை.

"காசின் அருமை தெரியாதவள்!" என்று ஏச்சு விழுகிறது.

மறுநாள் முதல் கடைக்குப் போகவே அவளுக்குப் பயம். பற்று நோட்டைக் கடைக்காரரிடம் நீட்டி விடுகிறாள். அவர் எழுதியதுதான் கணக்கு!

சில வீடுகளில் கணவனே பணப்பையை வாங்கி வைத்துக் கொள்கிறான். பிறகு பத்து ரூபாய்க்கும் அவள் கை நீட்ட வேண்டும்.

இது சரியா? சரி அல்ல.

மறதி வேறு, மடமை வேறு

பத்துப் பேருக்குச் சமைத்தாலும் உப்பு கூடாமல், குறையாமல் போடுகிறாள். அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று பானையைப் பார்த்தே சொல்கிறாள். அவளுக்கா அறிவு இல்லை?

எண்கள் மட்டும் சிலருக்கு நழுவி ஓடும். பிறவியிலேயே இந்தச் சிரமம் உள்ளவர்களும் உண்டு. அதற்கு "டிஸ்கால்குலியா" என்று பெயர். 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாடுகளில் ஒன்றாக இதையும் சொல்கிறது.

கவலை, தூக்கக் குறைவு, முதுமை ஆகியவற்றாலும் எண்கள் மறக்கும். திட்டினால் நினைவு வராது. பயம்தான் வரும். பயத்தில் இன்னும் மறக்கும்.

பணத்துக்கும் அஞ்சறைப் பெட்டி

எண்ணை ஏன் மூளையில் சுமக்க வேண்டும்? கண்ணுக்குத் தெரியும்படி வைத்தால் போதுமே!

அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஒரு கிண்ணம், சீரகத்துக்கு ஒரு கிண்ணம். மளிகைப் பணத்தையும் அப்படியே பிரிக்கலாம்.

மாதம் பிறந்ததும் ஐந்து கவர்கள். வாரத்துக்கு ஒன்றாக நான்கு. 28-ந் தேதிக்குப் பிறகு வரும் நாட்களுக்கு ஐந்தாவது.

வாரத்துக்கு 800 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். "எண்ணூறு" என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். 200 ரூபாய் நோட்டு பளிச்சென்ற மஞ்சள். கவருக்கு நான்கு மஞ்சள் நோட்டு. அவ்வளவுதான்!

புதன்கிழமையே ஒரு நோட்டுதான் மிச்சம் என்றால், கையை இறுக்க வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: புதிய 20 ரூபாய் நோட்டும் மஞ்சள் கலந்த பச்சை நிறம். அதை இந்தக் கவரில் கலக்கக் கூடாது.

செல்போனில் பணம் கட்டுவது சுலபம். ஆனால் பணம் கரைவது கண்ணுக்குத் தெரியாது. எண் மறப்பவர்கள் மளிகைக்கு நோட்டாகக் கொடுப்பதே நல்லது.

விலையை யார் நினைவில் வைப்பது?

பொட்டலம் வைத்திருக்கட்டும்! அதிகபட்ச சில்லறை விலை அதில் அச்சாகி இருக்கிறது. ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்றும் அச்சிட வேண்டும் என்ற விதி உண்டு. எது மலிவு என்று அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

கடைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கம்பியில் குத்தி வைக்க வேண்டும். கணவன் விலை கேட்டால் கம்பியைக் காட்டலாம்!

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளை சீட்டுகளைக் கூட்டிச் சொல்லட்டும். பிள்ளைக்குக் கணக்கு பழகும். தாய்க்குப் பாரம் குறையும்.

பணப்பை அவள் கையிலேயே இருக்கட்டும். கணவன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேள்வி கேட்பதை விட்டு, மாத முதல் நாளில் கவர் போட உட்கார வேண்டும்.

பருப்பு விலையை அவள் மறந்து இருக்கலாம். பிள்ளைக்குப் பசிக்கும் நேரத்தை என்றாவது மறந்தது உண்டா?