காலி உறைதானே என்று நினைக்காதீர்கள்

மார்சிலிங்கிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் அமெரிக்காவில் படிப்பை முடித்துவிட்டுத் திரும்புகிறான். அங்கே நண்பர்களோடு துப்பாக்கிச் சுடும் திடலுக்குப் போய்ப் பழகியவன். சுட்டு முடித்த பித்தளை உறைகளில் மீண்டும் மருந்து நிரப்பும் கருவிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்திருக்கிறானாம். “இரும்புச் சாமான்தானே, பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா?”

வேண்டாம் அம்மா. கருவி, காலி உறை இரண்டையும் அங்கேயே நண்பரிடம் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

மகனின் ஆசையில் புரியாதது ஒன்றுமில்லை. ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளை உறை, அடியில் பொறி வைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. பெரும்பாலும் உறைதான் விலை கூடியது. சுட்ட பிறகும் அது கையில் மிஞ்சும், பலமுறை பயன்படும். அதனால் அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் ஒரு சிறு அழுத்துக் கருவி, ஒரு தராசு, ஓர் அளவுமானி வைத்துக்கொண்டு செலவைக் குறைப்பவர்கள் ஏராளம். 1950களிலேயே ரிச்சர்ட் லீ என்பவர் சுத்தியலால் தட்டி நிரப்பும் மலிவான கருவித் தொகுப்பை விற்கத் தொடங்கினார். மருந்தை ‘கிரெயின்’ என்ற அளவில் நிறுப்பார்கள். நம் பொற்கொல்லர் தராசின் ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின். அதில் தவறினால் துப்பாக்கி முகத்துக்கு நேரே வெடிக்கலாம். அங்குள்ள அனுபவசாலிகளே கருவியில் வேறெதற்குச் சிக்கனம் பார்த்தாலும் தராசுக்குப் பார்க்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் அந்தக் கணக்குக்கே இடமில்லை. உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். வெடிமருந்து வைத்திருக்கவும் உரிமம் தேவை. ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி ஆயுதத்தையோ தோட்டாவையோ சட்டவிரோதமாக வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. அதோடு குறைந்தது 6 பிரம்படி. ‘குறைந்தது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம் என்று சொல்லி அதற்குக் கீழே இறக்கக் கேட்க முடியாது. 2021ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம், முப்பரிமாண அச்சில் துப்பாக்கி செய்வதற்கான மின்னியல் வரைபடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

தேசிய சேவை செய்த வீடுகளில் இதை விளக்கத் தேவையில்லை. சுடும் திடலைவிட்டு வெளியேறுமுன் ஒவ்வொரு வீரரும் தம்மிடம் தோட்டாவோ காலி உறையோ இல்லை என்று உரக்க அறிவிக்க வேண்டும். பையன்கள் இதை வேடிக்கையாகச் செய்து காட்டுவார்கள். ஆனால் காலி உறையையும் சேர்த்துச் சொல்லவைப்பதில் காரணம் இருக்கிறது. எண்ணிக் கொடுத்தது எண்ணித் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்தக் குழுவும் புல்லைக் கிளறித் தேட வேண்டியதுதான்.

மார்சிலிங்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி கூப்பிடு தூரம். முகாமுக்கு எடுத்துப்போன பையையே சனிக்கிழமை ஜொகூருக்கும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அடி மடிப்பில் எதுவோ உருண்டு கிடந்தால் இக்கரையிலும் சிக்கல், அக்கரையிலும் சிக்கல்; மலேசியச் சட்டம் ஒன்றும் இளகியதல்ல. சாவிக்கொத்தில் தொங்கும் ‘ஞாபகார்த்த’ தோட்டாவுக்கும் இது பொருந்தும். ஊடுகதிர்த் திரையில் அது அலங்காரப் பொருளாகத் தெரியாது. இந்தியாவில் பெட்டிக்குள் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவால் விமான நிலையத்தில் பிடிபட்டு நீதிமன்றப் படி ஏறியவர்கள் பலர். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதுதான் அங்கே வாதம். 1972ல் குன்வந்த்லால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவுபடுத்தியது. ஆனாலும் வாதம் முடிவதற்குள் விமானம் போய்விடும், வேலையும் போகலாம்.

பழைய அலமாரியைக் காலி செய்யும்போது தாத்தா காலத்துத் தோட்டா ஏதும் அகப்பட்டால் தொடாதீர்கள். பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடக்கவும் வேண்டாம். 999ஐ அழையுங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

சரி, பையனின் ஆர்வத்தை என்ன செய்வது? அதற்கு வழி இருக்கிறது, அதில் மருந்து நிரப்பும் வேலையே இல்லை. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் வெடிமருந்தே கிடையாது. அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைத் தள்ளுகிறது. 50 மீட்டர் ரைஃபிளில் பயன்படும் .22 தோட்டாவுக்குப் பொறிமருந்து உறையின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும். அதை வீட்டில் மீண்டும் நிரப்பப் பெரும்பாலும் யாரும் முயல்வதில்லை. 2018 காமன்வெல்த் போட்டியில் மார்ட்டினா வெலோசோ சிங்கப்பூருக்குத் தங்கம் வாங்கித் தந்தது இந்த இரண்டு வகையிலும்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயரெடுத்ததும் 10 மீட்டர் ரைஃபிளில். அந்த இலக்கில் பத்துப் புள்ளி என்பது வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு. சவால் போதாது என்று எந்தப் பையனும் சொல்ல மாட்டான்.

காற்றுத் துப்பாக்கிக்கும் இங்கே உரிமம் வேண்டும். ஆகவே இணையத்தில் வாங்குவது பேச்சுக்கே இடமில்லை. மன்றம் வழியாகத்தான் போக வேண்டும். மார்சிலிங்கிலிருந்து ரயில் மாறாமல் போகும் தூரத்தில் ஈசூன் சாஃப்ரா இருக்கிறது. முதலில் மன்றத்தின் துப்பாக்கியிலேயே பழகட்டும். போட்டித் தரத் துப்பாக்கி புதிதாக வாங்கினால் பல ஆயிரம் வெள்ளி. ஆறு மாதத்தில் ஆர்வம் வடிந்துவிட்டால் அந்தப் பணம் முடங்கிப்போகும். முதலில் காலணி, பிறகு உடம்புக்குப் பொருந்தும் விறைப்பான மேலங்கி, துப்பாக்கி கடைசியில்தான். மேலங்கியைப் பிறருக்குத் தைத்ததிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். தோள் பொருந்தாவிட்டால் காசுதான் வீண்.

பழைய துப்பாக்கியை மன்ற உறுப்பினரிடமிருந்து உரிய முறைப்படி வாங்க நேர்ந்தால், குழலைவிட முதலில் பார்க்க வேண்டியது காற்று உருளை. தயாரிப்பாளர்கள் அதற்குப் பொதுவாக 10 ஆண்டு ஆயுள் குறிப்பார்கள். காலாவதியானதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். தேதி உருளையின் மேலேயே பொறித்திருக்கும். புது உருளையின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.