துப்பாக்கி வாங்கினால் பன்றியைச் சுடலாமா?

செம்பட்டி பஸ் நிலையத்தில் விடியற்காலை டீ குடிக்க நின்றால் காதில் விழுவது பன்றிப் புராணம்தான். "சோளம் போச்சு, கடலை போச்சு" என்பார்கள். மேற்கே மலையில் ஒரு ஊருக்குப் பெயரே பன்றிமலை. இறங்கி வராமல் என்ன செய்யும்!

பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "கையில ஒரு துப்பாக்கி இருந்தா தெரியும் சேதி!"

சேதி வேறு.

பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தில் இடம் உண்டு. கலெக்டர் ஆபீசில் மனு போட வேண்டும். போலீசார் விசாரிப்பார்கள். 2016-ம் வருட விதிப்படி, துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும். பத்திரமாக வைப்பேன் என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

"தோட்டக்காரனுக்கு எதுக்குய்யா பயிற்சி?" என்று கேட்கிறவர்கள் நார்த்தாமலையை நினைத்துப் பார்க்கட்டும். 2021 டிசம்பர் 30-ந் தேதி, புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த ஊர்ப் பக்கம் உள்ள சுடும் பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் இறங்கியது. நாலாம் நாள் பையன் இறந்துபோனான். சுட்டுப் பழகியவர்கள் இடத்திலேயே இந்தக் கதி! நடுராத்திரி சோளக்காட்டில் அசைவது பன்றியா, மடை திருப்பப் போன ஆளா? சுடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

சரி, எல்லாம் செய்து லைசென்சும் வாங்கியாச்சு. பன்றியைச் சுடலாமா?

கூடாது! காட்டுப்பன்றி 1972-ம் வருட வனவிலங்குச் சட்டத்தில் வருகிற பிராணி. துப்பாக்கி லைசென்சு வேட்டைக்கு லைசென்சு ஆகாது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் "ஒரு ராத்திரிக்குக் குடுங்கண்ணே" என்று கேட்டால் கொடுக்கவும் கூடாது. லைசென்சு இல்லாத ஆளிடம் துப்பாக்கி போனால் வாங்கியவரும் மாட்டுவார், கொடுத்தவரும் மாட்டுவார். திருட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் 2019-ம் வருடத் திருத்தப்படி 2 வருஷத்துக்குக் குறையாமல், 5 வருஷம் வரை ஜெயில். பட்டறையில் செய்து கொடுத்தவனுக்கு 7 வருஷம் முதல் ஆயுள் வரை! ஒரு காட்டுச் சோளத்துக்கு இது கட்டுமா?

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு உத்தரவு போட்டது. காட்டு எல்லையிலிருந்து 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டர் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது வனத்துறைதான், விவசாயி அல்ல.

ஆக, விவசாயிக்கு வேண்டியது துப்பாக்கி அல்ல. துப்பாக்கியோடு வருகிற வனத்துறை ஆள். அவர் எப்போது வருவார்? மனு கொடுத்த அன்று ராத்திரியும் பன்றி வருமே! ஆபீசில் தாள் தூங்கினால் திருட்டுத் துப்பாக்கி விற்கிறவனுக்குத்தான் கொண்டாட்டம்.

மனு வாங்கும்போதே, எத்தனை நாளில் ஆள் வரும் என்று தேதி போட்டுக் கொடுக்கட்டும். அந்தத் தேதியை ஊராட்சி ஆபீஸ் பலகையிலும் எழுதிப் போடட்டும்.