குளிர்சாதனப் பெட்டியும் சில பெருமூச்சுகளும்

நம் சிற்றிதழ்களிலும் இலக்கியக் கூட்டங்களிலும் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. குளிர்சாதனப் பெட்டி வீட்டுக்குள் வந்தது, நம் உணவின் உயிர் வெளியேறியது என்பது அதன் சாரம். அன்று கறந்த பால், அன்று அரைத்த மாவு, அன்று உடைத்த தேங்காய் என்று முதலில் ஒரு பட்டியல் வரும். பிறகு பாட்டி வருவார். அவரது கைமணம் வரும். கடைசியில், இன்று நாம் உண்பதெல்லாம் பிணவறையில் வைத்தெடுத்த உணவு என்றோர் உவமை வரும். உவமை வந்ததும் கைதட்டல் வந்துவிடும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படியொரு கட்டுரை எழுதியவன்தான். தேங்காய்த் துருவலின் ஈர வாசனையைப் பற்றி அதில் ஒரு முழுப் பத்தி இருந்தது. படித்துவிட்டு என் அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அந்தத் தேங்காயை யாருடா துருவுனது?" அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இக்கட்டுரையை அந்தக் கேள்விக்குத் தாமதமாக வரும் பதில் எனலாம்.

குளிர்சாதனப் பெட்டியைப் பழிப்போரின் வாதம் இரண்டு கால்களில் நிற்கிறது. தமிழ் உணவு மரபு புதியதை உண்ணும் மரபு, சேமித்து உண்பது அயலிலிருந்து வந்த சீரழிவு என்பது ஒன்று. சேமிக்க வழியில்லாத காலத்தில் மனிதர்கள் பகிர்ந்து உண்டார்கள், பெட்டி வந்ததும் கருமிகளாகிவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே பிழை என்பது என் தரப்பு.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். வற்றல், வடகம், அப்பளம், ஊறுகாய், கருவாடு, உப்புக்கண்டம், கருப்பட்டி, உப்பிட்டுப் பானையில் அடைத்த புளி, செம்மண் கட்டிக் காயவைத்த துவரை, வசம்பும் வேப்பிலையும் போட்டுவைத்த தானியம் - இவற்றையெல்லாம் நீக்கிவிட்டுத் தமிழ்ச் சமையலைப் பற்றி யாரேனும் பேச முடியுமா? நம் சமையலறையின் பெரும்பகுதி சேமிப்புக் கலையால் ஆனது. விளைச்சல் ஒரு பருவத்துக்கு, வயிறு ஆண்டு முழுமைக்கும் என்ற நிலையில் வாழ்ந்த எந்தச் சமூகமும் வேறு விதமாக இருந்திருக்க முடியாது.

பாலையே பாருங்கள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் விடியலில் தயிர் கடைந்து, மோர்ப் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு விற்கப் போகிறாள். மோருக்குக் கிடைத்த தானியத்தைக் கொண்டு சுற்றத்துக்கு உணவிடுகிறாள். நெய்யின் விலைக்கோ அவள் பொன்னைக்கூடக் கொள்வதில்லை. எருமையும் பசுவுமாகப் பெறுகிறாள். மோர் அன்றைய சோறு, நெய் நாளைய முதல். ஒன்று நாளைக்கு நிற்காது, மற்றொன்று நிற்கும் என்ற அறிவின் மேல் அவளது வாழ்வு நிற்கிறது.

அந்த அறிவு எப்படிச் செயல்படுகிறது? பால் ஒரு பொழுதில் கெடும். தயிரை அதன் புளிப்பே சில நாட்கள் காக்கும். வெண்ணெயில் நீர் ஏறத்தாழ 16 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. உருக்கி நெய்யாக்கினால் அந்த நீரும் அநேகமாகப் போய்விடும். நீர் இல்லாத இடத்தில் நுண்ணுயிர் பெருகாது. வற்றலின் நீரை வெயில் எடுக்கிறது. ஊறுகாயின் நீரை உப்பு கட்டிப்போடுகிறது. ஃப்ரீசர் செய்வதும் வேறல்ல. மைனஸ் 18 பாகை செல்சியஸில் உணவிலுள்ள நீரின் பெரும்பகுதி பனிக்கட்டியாகி, நுண்ணுயிர்களுக்குப் பயன்படாமல் போகிறது. அவை எல்லாம் சாவதில்லை, செயலற்றுக் கிடக்கின்றன. கொள்கை ஒன்று, கருவிதான் வேறு.

அயலிலிருந்து வந்தது என்பதற்கும் ஒரு சொல். இன்றைய உறை உணவுத் தொழிலுக்கு வழியமைத்த அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1910களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இனுயிட் மக்களிடம்தான் அதைக் கண்டு கற்றார். கடுங்குளிரில் நொடியில் உறைந்த மீன், மாதங்கள் கழிந்து இளக்கியபோதும் சுவை மாறாதிருந்தது. மெல்ல உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் உருவாகித் திசுக்களைக் கிழிக்கும். விரைந்து உறைந்தால் படிகங்கள் சிறியவை. வெயில் மிகுந்த நாட்டுக்கு வடகம், குளிர் மிகுந்த நாட்டுக்கு உறைமீன். உறையவைத்தலும் யாரோ ஒரு பாட்டியின் கைமணம்தான்.

'அன்று கறந்த பால்' என்று நகரத்தில் இருந்துகொண்டு எழுதுபவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். காலையில் உங்கள் காப்பியில் கலக்கும் பாக்கெட் பால், கிராமத்துக் குளிர்விப்பு நிலையத்தில் 4 பாகைக்கு இறக்கப்பட்டு, பதப்படுத்தப்பட்டு, குளிரிலேயே பயணம் செய்து வந்தது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியே, பால் பெருகும் மாதங்களின் மிகுதியைத் தூளாகவும் வெண்ணெயாகவும் சேமித்து, வறண்ட மாதங்களில் மீண்டும் பாலாக்கும் ஏற்பாட்டின் மீதும் நின்றது. குளிர்சாதனத்தைத் திட்டும் கட்டுரையும் அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் எழுதப்படுகிறது.

இனி அம்மாவின் கேள்வி.

குறுந்தொகையில் கூடலூர் கிழாரின் 167ஆம் பாடலை நாம் அனைவரும் அறிவோம். தலைவியின் இல்லறத்தைச் செவிலி கண்டுவந்து சொல்லும் பாடல். தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமல் உடுத்தியபடி, தாளிப்புப் புகை கண்ணில் படிய, அவள் சமைத்த புளிக்குழம்பை இனிது என்று கணவன் உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. அந்த மலர்ச்சியைப் பற்றி எத்தனை கட்டுரைகள், எத்தனை மேடைப் பேச்சுகள்! கவிஞர் புகையையும் அழுக்கு ஆடையையும் விடாமல் பதிவு செய்திருக்கிறார். ரசிகர்களான நாம்தாம் அவற்றைத் தாண்டிப் புன்னகைக்கு மட்டும் போய்விட்டோம். புதியதை உண்ணும் இன்பம் ஒருவருக்கு, புகை மற்றவருக்கு. அதே புகை நாள்தோறும் மூன்று வேளை, ஐம்பது ஆண்டுகள் என்றால் அதற்குப் பெயர் மரபா?

சென்னையில் ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் அழைக்கப்படும் பகுதியின் வரலாறு இங்கு பொருத்தமானது. பாஸ்டனைச் சேர்ந்த வணிகர் ஃப்ரெடரிக் டியூடரின் பனிக்கட்டி 1833இல் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் அதற்கென்று ஒரு கட்டடம் எழுந்தது. குளிர் அப்போது வெள்ளைக்காரத் துரைகளின் கோப்பைகளுக்கானது. பின்னாளில் சகோதரி சுப்பலட்சுமி நடத்திய இளம் விதவையர் இல்லம் அதே கட்டடத்தில் இயங்கியது. இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்த இளம்பெண்கள் அங்கு வந்து படித்திராவிட்டால் எங்கே இருந்திருப்பார்கள்? பலர் ஏதோவொரு கூட்டுக் குடும்பத்தின் அடுப்படியில், யாருக்கோ அன்றன்று புதிதாகச் சமைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். நாம் போற்றும் கைமணத்தில் ஒரு பகுதி, போக்கிடமற்ற பெண்களின் கைமணம்.

2011க்குப் பின் தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கியபோது, ஆட்டுக்கல்லுக்காகப் பெருமூச்சு விட்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அவர்களில் ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து மாவு தள்ளியவர்கள் எத்தனை பேர்? 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்தில் இரண்டு வீடுகளுக்கும் சற்றுக் குறைவான வீடுகளில்தான் குளிர்சாதனப் பெட்டி இருந்தது. பெரும்பாலோருக்கு வந்தே சேராத ஒன்றை, வந்து கெடுத்துவிட்டதாக நாம் இரங்கற்பா பாடிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது வாதம் ஈகை பற்றியது. மிஞ்சியது கெட்டுவிடும் என்பதால் ஏழைக்குக் கொடுத்தார்களாம், இப்போது எடுத்துவைத்துக்கொள்கிறார்களாம். கெட்டுப்போகும் என்பதற்காகக் கொடுப்பது ஈகை ஆகாது, அது அப்புறப்படுத்தல். பசித்தவன் வாசலில் நிற்கக் காரணமான ஏற்பாட்டை விட்டுவிட்டு, அவனுக்குப் போட்ட நேற்றைய சோற்றை அறமாகக் கொண்டாடுவது எனக்குக் கூசுகிறது. அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: நான்கு நாள் பெட்டியில் கிடந்த சாம்பாரை, தன் வீட்டார் யாரும் தொடாத நிலையில், வேலை செய்ய வரும் அம்மாளிடம் கொடுத்தனுப்பும் வீடுகள் இன்றும் உண்டு. குற்றம் பெட்டியுடையது அல்ல.

ஆனால் எதிர்த்தரப்பில் நான் ஏற்கும் வாதம் ஒன்று உண்டு. வற்றலுக்கு மின்சாரம் வேண்டாம், நெய்க்கு வேண்டாம், பெட்டிக்கு வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. பெட்டிக்குள் இருந்தவை நாறின. ஆகவே பரணில் இருக்கும் ஊறுகாய் ஜாடியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஜாடியோடு பெட்டியும் இருக்கட்டும் என்கிறேன். முக்கியமாக, ஜாடியைப் பற்றி நமக்கிருந்த அறிவு பெட்டியைப் பற்றியும் இருக்கட்டும்.

என் உண்மையான குற்றச்சாட்டு இதுதான். ஒன்றை இழிந்தது என்று முடிவுகட்டிவிட்டால் அதைக் கற்க மாட்டோம். ஈரக் கரண்டி பட்டால் ஊறுகாய் பூசணம் பிடிக்கும் என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். பெட்டியின் இலக்கணமோ படித்தவர்களுக்கும் தெரிவதில்லை.

பால் உறையும்போது விரியும். நீர் உறைகையில் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும். விளிம்புவரை நிரப்பிய கண்ணாடிப் புட்டி உடைவது அதனால்தான். உறைந்து இளகிய பாலில் கொழுப்பு திரிதிரியாக மிதக்கும். கெட்டுவிட்டது என்று கொட்டுகிறோம். கெடவில்லை. கீழ்த்தட்டில் வைத்து மெல்ல இளக்கிக் கடைந்துகொண்டால் பாயசத்துக்கு ஆகும். தயிரை உறையவைத்தால் அதன் கட்டு குலைந்து நீர் பிரியும். சோற்றில் பிசைய ஆகாது. ஆனால் அதிலுள்ள நுண்ணுயிர்களில் கணிசமானவை பிழைத்திருக்கும். ஒரு கரண்டித் தயிரை ஐஸ் தட்டில் ஊற்றிவைத்துவிட்டு ஊருக்குப் போனவர், மாதம் கழித்து வந்து அதையே உறை ஊற்றலாம். நாள்தோறும் எடுக்கும் பாலேட்டை ஃப்ரீசரில் சேர்த்துவைத்தால் கசக்காமல் வெண்ணெய் எடுக்கலாம். வெண்ணெய் மாதக்கணக்கில் நிற்கும். அயல் வாசனையை இழுக்கும் என்பதால் இறுக மூடவேண்டும். பன்னீர் உறைந்தால் உதிரும். சமைக்குமுன் வெந்நீரில் ஊறவைத்தால் ஓரளவு தேறும். துருவிய தேங்காயைத் தட்டையான சிறு பொட்டலங்களாக்கினால் விரைந்து உறையும், வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம்.

மாவை உறையவைத்தால் அதில் அடைபட்ட காற்று போய் இட்லி கனக்கும். அதைவிட வெந்த இட்லியை உறையவைப்பது மேல். இங்கே ஒரு விந்தை உண்டு. மாவுச்சத்து மிக விரைவாக இறுகுவது உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான். கீழ்த்தட்டில் வைத்த இட்லி கல்லாவதும், ஃப்ரீசரில் வைத்த இட்லி மறுபடி ஆவியில் வைத்ததும் பூவாவதும் அதனால். ரொட்டிக்கும் இதே விதி. ரவையிலும் கடலை மாவிலும் பூச்சியின் முட்டைகள் கடையிலிருந்தே வருவதுண்டு. நான்கு நாள் ஃப்ரீசரில் இருந்தால் அவை மடியும். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது, வியர்க்கும். அறைச்சூட்டுக்கு வந்தபின் டப்பாவில் கொட்டவேண்டும்.

சோறு எல்லாவற்றிலும் ஆபத்தானது. அரிசியோடு வரும் சில நுண்ணுயிர்களின் வித்துகள் கொதியையும் தாங்கும். வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்நஞ்சு போகாது. ஆகவே இரவெல்லாம் வெளியே கிடந்த சோற்றைக் காலையில் பெட்டிக்குள் வைப்பதில் பயனில்லை. வடித்த ஓரிரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைக்கவேண்டும். பழையது வேறு கதை. நீரூற்றிப் புளிக்கவைக்கையில் உண்டாகும் அமிலம் மற்றவற்றை அடக்குகிறது. அதைக் கண்டறிந்தவளும் நம் பாட்டிதான். அவள் கையில் ஒரு ஃப்ரீசர் இருந்திருந்தால் அதையும் நம்மைவிட நன்றாகவே ஆண்டிருப்பாள்.

பால் தயிராவதை உறைதல் என்கிறோம். நீர் பனிக்கட்டியாவதையும் உறைதல் என்கிறோம். ஒரே சொல். தங்குதல், வாழ்தல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. மொழிக்குத் தெரிந்தது மொழியைக் கொண்டாடும் நமக்குத் தெரியவில்லை.

போன மாதம் நான்கு தேங்காயை நானே உடைத்துத் துருவிப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் அடுக்கினேன். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. அடுத்த முறை தேங்காய்த் துருவலின் ஈர வாசனையைப் பற்றி எழுத நேர்ந்தால், வலியிலிருந்துதான் தொடங்குவேன். பெருமூச்சு விட விரும்பும் நண்பர்களும் முதலில் நான்கு தேங்காய் துருவிவிட்டு வரட்டும். பிறகு விவாதிக்கலாம்.